செல்போனில் எது உசத்தி? கிரிக்கெட்டா, கால்பந்தா?

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் பந்து விளையாட இடம் கிடையாது.

வயலில் சம்பா நிற்கும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும். களத்துமேடு சேறாகக் கிடக்கும். தெருவில் மட்டையைத் தூக்கினால் எதிர்வீட்டு ஓடு உடையும். அப்புறம் திட்டுதான்! மழையோ விட்டபாடில்லை.

பையன்கள் என்ன செய்வார்கள்? திண்ணையில் உட்காருவார்கள். அப்பாவின் செல்போனைக் கேட்பார்கள்.

அங்கேதான் சண்டை ஆரம்பம்.

அண்ணனுக்குக் கால்பந்து விளையாட்டு வேண்டும். தம்பிக்குக் கிரிக்கெட் வேண்டும். செல்போனிலோ இடம் கொஞ்சம். அத்தை மகள் கல்யாண வீடியோ, நாற்று நட்ட படம், உறவுக்காரர்கள் தினமும் அனுப்பும் "காலை வணக்கம்" எல்லாம் போக, மிச்சம் இருப்பது ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் காணும்.

"கால்பந்துதான்டா நிஜ ஆட்டம் மாதிரியே இருக்கும்" என்பான் அண்ணன்.

"போண்ணே! அதிலே தோனி உண்டா?" என்பான் தம்பி.

சாய்வு நாற்காலியில் இருக்கும் தாத்தா குறுக்கே பேசுவார். "ரெண்டும் பொம்மை ஆட்டம்தானேடா? இதிலே உசத்தி என்ன, மட்டம் என்ன?"

கும்பகோணம் பக்கமும், மன்னார்குடி பக்கமும், ஒரத்தநாடு பக்கமும் எத்தனையோ வீடுகளில் நடக்கும் சண்டை இது. தாத்தா கேட்பது நல்ல கேள்வி. பொம்மை ஆட்டத்திலும் உசத்தி உண்டு, மட்டமும் உண்டு. ஒன்று உசத்தியானதற்கும் மற்றொன்று மட்டமானதற்கும் காரணமும் உண்டு. அந்தக் காரணம் தெரிந்தால் அண்ணன், தம்பி இரண்டு பேருமே கொஞ்சம் அடங்குவார்கள்.

புள்ளியில் பிறந்த பந்து

வீடியோ விளையாட்டின் ஆரம்ப காலத்திலேயே பந்தாட்டம் உண்டு.

1958-ம் ஆண்டு அது. அமெரிக்காவில் புரூக்ஹேவன் என்ற ஆராய்ச்சிக்கூடம். அங்கே வில்லியம் ஹிகின்பாதம் என்ற விஞ்ஞானி இருந்தார். அணுகுண்டு தயாரிப்பில் மின்கருவி வேலை பார்த்தவர் அவர். ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்க்க ஊர் ஜனங்கள் வரும் நாளில், வந்தவர்கள் சலிப்படையாமல் இருக்க ஏதாவது செய்யலாம் என்று நினைத்தார். மின் அலைகளைக் காட்டும் ஒரு கருவியின் வட்டக் கண்ணாடியில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார்.

ஒரு கோடு, அதுதான் தரை. குட்டிக்கோடு ஒன்று, அதுதான் வலை. ஒரு புள்ளி, அதுதான் பந்து. இவ்வளவுதான்! அதை ஆட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

1972-ம் ஆண்டு அட்டாரி கம்பெனி "பாங்" என்ற விளையாட்டைக் கடைகளில் வைத்தது. அதிலும் கோடுதான் மட்டை, புள்ளிதான் பந்து. காசு போட்டு ஆடினார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் உள்ள ஒவ்வொரு விளையாட்டையும் பெட்டிக்குள் அடைக்கப் பலர் கிளம்பிவிட்டார்கள்.

பதினொரு பேர் இல்லாமல் ஆட்டமா?

அமெரிக்காவில் கால்பந்து என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. அவர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முட்டுவார்கள், மோதுவார்கள், சாய்ப்பார்கள். காளையை விட்டுவிட்டு ஆட்களே நடத்தும் ஜல்லிக்கட்டு என்று சொன்னால் பொருந்தும். பேஸ்பால் வேறு. அது நம் கிட்டிப்புள்ளுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் பிறந்தது போன்ற ஆட்டம். ஒருவர் எறிவார், ஒருவர் உருட்டுக் கட்டையால் அடிப்பார்.

அந்தக் கால்பந்தில் பெயர் பெற்ற பயிற்சியாளர் ஜான் மாடன். அவர் பெயரில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்க எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி அவரிடம் போயிற்று. அன்றைய கம்ப்யூட்டருக்குச் சக்தி குறைவு. பக்கத்துக்குப் பதினொரு பேரை ஓடவிட அதனால் முடியவில்லை. "ஆட்களைக் குறைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள்.

மாடன் முடியாது என்றுவிட்டார். பதினொரு பேர் ஆடாவிட்டால் அது ஆட்டமே அல்ல என்பது அவர் கட்சி. தயாரிப்பு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1988-ம் ஆண்டு விளையாட்டு வெளிவந்தது. பக்கத்துக்குப் பதினொரு பேர் ஓடினார்கள்!

இந்தப் பிடிவாதம்தான் உசத்திக்கு முதல் படி.

நம் ஊர்க் கால்பந்துக்கும் அதே கம்பெனிதான் பெரிய அளவில் இறங்கியது. 1993-ம் ஆண்டு டிசம்பரில் "பிஃபா" விளையாட்டு வந்தது. அதில் ஒரு சங்கடம் உண்டு. விளையாடும் பையன் ஒரு நேரத்தில் ஓர் ஆளைத்தான் ஓட்ட முடியும். மற்றப் பத்துப் பேரும் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் யோசிக்க வேண்டும். எங்கே ஓடுவது, எப்போது நிற்பது, யாரை மறிப்பது என்று கணம்தோறும் முடிவு எடுக்க வேண்டும். அது யோசிக்காவிட்டால் பத்துப் பேரும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பொம்மைகளுக்கு உயிர் கொடுக்க 28 வருடம் பாடுபட்டார்கள். 2021-ம் ஆண்டு வந்த விளையாட்டுக்காக, 22 நிஜ ஆட்டக்காரர்களுக்குக் கருவி பொருத்திய உடையை மாட்டி, முழு ஆட்டம் ஆடவிட்டார்கள். அவர்கள் திரும்பியது, தடுமாறியது, தோளால் இடித்தது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பதிவு செய்தது. அண்ணன் "நிஜ ஆட்டம் மாதிரி" என்று சொல்வது சும்மா அல்ல.

எட்டுத் திக்கும் போகும் பந்து

கிரிக்கெட்டுக்கு ஏன் அப்படி அமையவில்லை?

கிரிக்கெட் லேசான ஆட்டம் அல்ல. பேஸ்பாலோடு ஒப்பிட்டால் விளங்கும். பேஸ்பாலில் எறிந்த பந்து தரையில் படாமல் அடிப்பவரிடம் வரும். அடித்த பந்து முன்னால் உள்ள கால் வட்டத்துக்குள் போனால்தான் செல்லும். பின்னால் போனால் செல்லாது. ஆகவே கம்ப்யூட்டருக்குக் கணக்கு சுலபம்.

கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். குத்தும் தரை ஊருக்கு ஊர் வேறு. சேப்பாக்கத்தில் பந்து திரும்பும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் நெஞ்சுக்கு எழும்பும். காலையில் புதுப்பந்து ஒரு மாதிரி, மாலையில் தேய்ந்த பந்து வேறு மாதிரி. அடித்த பந்தோ எட்டுத் திக்கும் போகலாம். விக்கெட் கீப்பருக்குப் பின்னால் தட்டிவிட்டாலும் நாலு ரன்! அத்தனை திசையிலும் பீல்டர்கள் சரியாக ஓட வேண்டும், குனிய வேண்டும், எறிய வேண்டும்.

பந்து எறிவதையும் அடிப்பதையும் ஓரளவு நன்றாகவே செய்துவிட்டார்கள். பீல்டிங்கில்தான் மானம் போயிற்று. பந்து ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான்.

இது ஆட்டத்தின் குணத்தால் வந்த குறை. இதைவிடப் பெரிய குறை வியாபாரத்தால் வந்தது.

போட்டியைக் கொன்ற ஒப்பந்தம்

2004-ம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்து விளையாட்டில் ஒரு பலத்த போட்டி நடந்தது. மாடன் விளையாட்டு ஒரு பக்கம். "டூ-கே" என்ற விளையாட்டு மறுபக்கம். வழக்கமாக 50 டாலர் விற்கும் சரக்கை டூ-கே தரப்பு 20 டாலருக்கு இறக்கியது. சரக்கும் மட்டம் இல்லை. இன்றைக்கும் அதைப் புகழ்ந்து பேசும் ரசிகர்கள் உண்டு. மாடன் தரப்பும் விலையைக் குறைக்க வேண்டி வந்தது.

வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம்! ஆனால் அது நீடிக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், கால்பந்துச் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. நிஜ அணிகள், நிஜ ஆட்டக்காரர்கள் பெயரை இனி இவர்கள் ஒருவர்தான் போடலாம் என்பது ஒப்பந்தம். டூ-கே ஒதுங்கிவிட்டது.

அவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த மாதமே அவர்கள் பேஸ்பால் சங்கத்தோடு அதே மாதிரி ஒப்பந்தம் செய்தார்கள். இதனால் அடிபட்டது யார்? எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தயாரித்த "எம்.வி.பி. பேஸ்பால் 2005". பேஸ்பால் விளையாட்டிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று இன்றும் பலர் சொல்வார்கள். பேஸ்பால் சங்கத்தின் நிஜ அணிகளோடு அதற்கு அடுத்த வருடத்துப் பதிப்பு வரவே இல்லை!

கால்பந்து விளையாட்டின் விலை ஏறிவிட்டது என்று 2008-ம் ஆண்டு ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கு சமரசத்தில் முடிந்தது.

பேஸ்பாலில் மட்டும் ஒரு சந்து திறந்திருந்தது. விளையாட்டுப் பெட்டி தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் பெட்டிக்குத் தாங்களே பேஸ்பால் விளையாட்டு போடலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அந்தச் சந்தில் சோனி கம்பெனி நுழைந்தது. 2006-ம் ஆண்டு முதல் அது வெளியிட்ட "தி ஷோ" வருடத்துக்கு வருடம் மெருகேறியது. டூ-கே பேஸ்பால் தளர்ந்து 2013-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதன் பிறகு பெரிய போட்டி இல்லாமலே "தி ஷோ" நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சோனிக்குத் தன் பெட்டி விற்க வேண்டுமே! மட்டமான சரக்கைப் போட்டால் பெட்டி விற்குமா?

தாயில்லாப் பிள்ளை

கிரிக்கெட்டின் கதை இன்னும் பரிதாபம்.

2006-ம் ஆண்டு நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் "கிரிக்கெட் 07" வெளியிட்டது. தஞ்சாவூரில் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டதும் மணிக்கணக்குக் காசு கொடுத்து இதை ஆடிய பையன்கள் இன்று பிள்ளை பெற்றவர்கள். இந்திய அணியின் பெயர் உரிமை அந்த விளையாட்டுக்கு இல்லை. ஆகவே நம் வீரர்களின் பெயரில் எழுத்து மாறி வரும். ஆளைப் பார்த்தால் தெரியும், பெயரைப் படித்தால் சிரிப்பு வரும்.

அதோடு அந்தக் கம்பெனி கிரிக்கெட்டைக் கைவிட்டது. கால்பந்துக்கு வருடம் ஒரு பதிப்பு, கிரிக்கெட்டுக்கு ஒன்றும் இல்லை. பணம் எங்கே புரளுமோ அங்கே போனார்கள்.

ரசிகர்கள் விடவில்லை! 2008-ம் ஆண்டு ஐ.பி.எல். போட்டி பிறந்தது. அந்தப் பழைய விளையாட்டுக்குள் புதிய அணிகளையும், உடைகளையும், பெயர்களையும் ரசிகர்களே எழுதிச் சேர்த்தார்கள். ஓட்டை விழுந்த கூரைக்கு வருடா வருடம் கீற்று மாற்றுகிற மாதிரி அதை மாற்றி மாற்றியே ஆடினார்கள்.

2013-ம் ஆண்டு நடந்தது வேடிக்கை. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் போட்டிக்காக ஒரு கிரிக்கெட் விளையாட்டு வந்தது. இரண்டு நாட்டு வாரியங்களின் உரிமையும் அதற்கு உண்டு. பெயர் சரி, உடை சரி. ஆட்டம்தான் சரியில்லை! பீல்டர்கள் நெருப்பில் விழுந்த பூச்சி மாதிரி துடித்தார்கள். அதைப் பார்த்து உலகமே சிரித்தது. சில நாட்களுக்குள் விற்பனையை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பெயர் உரிமை இருந்துவிட்டால் மட்டும் ஆட்டம் வந்துவிடாது என்பதற்கு அது சாட்சி. ஜப்பானின் கோனாமி கம்பெனிக்கு எதிர்மாறான கதை. அதன் பழைய கால்பந்து விளையாட்டில் லிவர்பூல் அணிக்கு "மெர்சிசைட் ரெட்" என்று ஏதோ ஒரு பெயர் போட்டிருப்பார்கள். ஆனாலும் "ஆட்டம் என்றால் இதுதான்" என்று ரசிகர்கள் பிஃபாவை விட்டு அதன் பின்னால் போனார்கள். அந்தப் போட்டிதான் பிஃபாவையும் திருந்த வைத்தது.

கிரிக்கெட்டுக்குக் கொஞ்சம் விடிவு 2014-ம் ஆண்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள பிக் ஆண்ட் கம்பெனி, பிராட்மன் பெயரில் ஒரு விளையாட்டு வெளியிட்டது. வீரர்களை ரசிகர்களே உருவாக்கி, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள அதில் வழி வைத்தார்கள். பெயர் உரிமைச் சங்கடத்துக்கு நல்ல யுக்தி! ஆனால் அதை ஆட விலை உயர்ந்த பெட்டி வேண்டும், அல்லது நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். நெல் போட்டு வந்த பணத்தில் உரக்கடைக் கடனை அடைக்கும் வீட்டில் அதற்கு எங்கே போவது?

சென்னையிலிருந்து வந்த ஆட்டம்

பதில் சென்னையிலிருந்து வந்தது.

சென்னையில் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற கம்பெனி இருக்கிறது. அது "வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்" என்ற விளையாட்டைச் செல்போனுக்காகவே தயாரித்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2015-ம் ஆண்டு வந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து இண்டர்நெட் மலிவாயிற்று. டெல்டாவின் கடைசிக் கிராமம் வரை விளையாட்டு போய்ச் சேர்ந்தது. 10 கோடி தடவைக்கு மேல் அதை இறக்கியிருக்கிறார்கள்!

விலை உயர்ந்த போன் தேவையில்லை. கட்டை விரல் இரண்டு போதும். தரை பச்சையாக இருந்தால் ஒரு மாதிரி, தூசியாக இருந்தால் வேறு மாதிரி பந்து நடந்துகொள்ளும். நடுவில் மழை வந்து ஆட்டம் நிற்பதும் உண்டு. மழைக்காகத் திண்ணைக்கு வந்த பையனை உள்ளேயும் மழை துரத்துகிறது! அப்போது டக்வொர்த்-லூயிஸ் முறையில் கணக்குப் போட்டு இலக்கை மாற்றுவார்கள். உட்கார்ந்து யோசித்த ஆள் கிரிக்கெட் தெரிந்த ஆள் என்பது இதில் தெரிகிறது.

2020-ம் ஆண்டு மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் தமிழ் வர்ணனையும் உண்டு.

மராட்டியத்திலிருந்து "ரியல் கிரிக்கெட்" என்ற விளையாட்டும் போட்டிக்கு வந்தது. ஒருவர் புது அடி ஒன்றைச் சேர்த்தால், மற்றவர் புது மைதானம் ஒன்றைச் சேர்க்கிறார். டூ-கேயும் மாடனும் மோதிய காலத்தை இது நினைவூட்டுகிறது. இங்கேயும் ஒருவர் மற்றவரை ஒப்பந்தம் போட்டு விரட்டாமல் இருந்தால் சரி.

பீல்டிங்? இன்னும் கால்பந்து அளவுக்கு வரவில்லை. கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் ஆள் இதிலும் உண்டு. ஓட்டத்திலும் உடல் அசைவிலும் கால்பந்துதான் உசத்தி. அண்ணன் கட்சிக்கு இதில் வெற்றி.

ஆனால் கால்பந்துக்காரர்களும் சறுக்கியிருக்கிறார்கள். அதே கோனாமி, 2021-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி "இ-புட்பால்" என்று புதிய பெயரில், இலவசமாக வெளியிட்டது. முகங்கள் கோணின. ஆட்கள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்தார்கள். ரசிகர்கள் வசைமாரி பொழிந்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது. உருப்படியான பதிப்பு வர மறு ஆண்டு ஏப்ரல் ஆயிற்று.

இலவசம் என்றால் இலவசமா?

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

செல்போன் விளையாட்டுகள் பலவும் இலவசமாகத்தான் வருகின்றன. உள்ளே போனால் காசு கேட்கும். நல்ல மட்டை வேண்டுமா? காசு. பெரிய வீரர் வேண்டுமா? காசு. கால்பந்து விளையாட்டுகளில் இன்னொரு தந்திரம் உண்டு. மூடிய சீட்டுக்கட்டு ஒன்றை விற்பார்கள். உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று வாங்கும்போது தெரியாது. பெட்டிக்கடையில் லக்கி பிரைஸ் அட்டை கிழிக்கிற கதைதான்! மெஸ்சி வருவார் என்று கிழிப்பான். முன்பின் கேள்விப்படாத ஒருவர் வருவார். மறுபடியும் கிழிப்பான்.

2018-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள், இப்படிப் பணம் கொடுத்துத் திறக்கும் கட்டு சூதாட்டமே என்று முடிவு செய்தார்கள். 2019-ம் ஆண்டு ஜனவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அந்த நாட்டில் பிஃபாவுக்கான காசு விற்பனையை நிறுத்தியது.

அப்பாவின் போனிலேயே பணம் அனுப்பும் வசதியும் இருக்கிறது. ரகசிய எண்ணும் பையனுக்குத் தெரியும். உரத்துக்கு வைத்திருந்த பணம் ஒரு விரல் தட்டில் போய்விடும். ஆட்டம் எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி. ஒவ்வொரு மூலையிலும் கை நீட்டினால் அது நல்ல சரக்கு அல்ல. கிரிக்கெட் விளையாட்டும் காசு கேட்காமல் இல்லை. விளம்பரமும் வந்து தொலைக்கும். ஆகவே வாங்குவதற்கு ரகசிய எண் கேட்கும்படி போனில் அமைத்து, அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருப்பது வீட்டுக்கு நல்லது.

திண்ணைச் சண்டை எப்படித் தீரும்? பல வீடுகளில் கிரிக்கெட்தான் மிஞ்சும். கால்பந்து போனில் நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது ஒரு காரணம். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போய்விடுவான், அங்கே பெரிய போன் இருக்கிறது. தம்பி மட்டையைப் பிடிப்பான்.

தாத்தா மெல்ல நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். சேப்பாக்கம் பொங்கல் டெஸ்டைத் தமிழ் வர்ணனையில் ரேடியோவில் கேட்டவர் அவர்.

"டேய், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுடா!"

தை பிறந்து சம்பா அறுவடை ஆனதும், உளுந்து தெளிக்காத வயல் ஒன்று எங்கேயாவது கிடைக்கும். வரப்பைத் தாண்டினால் நாலு ரன். அப்போது அண்ணனும் வந்துவிடுவான். பீல்டிங்குக்கு ஆள் வேண்டுமே!